டேக்வாண்டோ: தும்பைக்குச் சரி, வெட்சிக்கு?

டேக்வாண்டோ உண்மையான சண்டைக்கு உதவுமா என்ற கேள்வி பெரும்பாலும் இளைஞர்களின் வீண்வாதமாகவே முடிந்துபோகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் அதற்கு வேறொரு கனம் உண்டு. ஆலைகளில் பெண்களின் இரவுப் பணிக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்த தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. இன்று இங்குள்ள மின்னணு ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஷிப்ட் முறையில் உழைக்கின்றனர். ஹூண்டாயும் சாம்சங்கும் வேரூன்றிய இம்மண்ணில், ஒரு கொரியக் கலையைக் கற்றுக்கொண்டால் அச்சமில்லை என்று அவர்களிடம் சொல்லலாமா?

1955-இல் பெயர் பெற்ற டேக்வாண்டோ, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாயிற்று. அதன் போட்டி விதிகளைக் கவனியுங்கள். முகத்தில் குத்தக் கூடாது. இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. எதிராளியைப் பற்றி இழுத்தால் குற்றம். கீழே விழுந்தாலும் குற்றம். உடலில் பதியும் குத்துக்கு 1 புள்ளி, தலையில் படும் உதைக்கோ 3. ஆகவே வீரர் காலை உயர்த்தப் பழகுகிறார். முகத்தைக் கையால் காக்கும் பழக்கம் தளர்கிறது.

தொல்காப்பியம் வகுத்த புறத்திணைகளில் தும்பை என்பது, தன் வலிமையை நிறுவ வரும் வேந்தனை நேர்நின்று பொருதல். வெட்சியோ மாற்றார் அறியாமல் நிரை கவர்தல். அது குறிஞ்சிக்குப் புறன், குறிஞ்சியின் பொழுது யாமம். விளையாட்டு அரங்கம் தும்பைக் களம். தெருவில் நேர்வது வெட்சி. அங்கே நடுவர் இல்லை, வணக்கம் சொல்லித் தொடங்குவதும் இல்லை. பின்னாலிருந்து ஒரு கை பற்றும். எட்டு மணி நேரம் நின்று களைத்த கால், அக்கணத்தில் தலையுயரத்துக்கு எழாது.

இதனால் பயிற்சியே பயனற்றது என்றாகிவிடாது. இடைவெளியை அளக்கும் கண், அடிபட்டும் கலங்காத மனம், விரைவு ஆகியவை மெய்யான பேறுகள். பிடியிலிருந்து விடுபடும் ‘ஹோசின்சுல்’ முறைகளும் பாடத்திட்டத்தில் உண்டு. குறை எங்கே என்றால், அவற்றை ஒத்துழைக்கும் தோழரிடம் ஒப்பனையாகச் செய்து பார்ப்பதில்தான். பிடிப்பவர் உண்மையாகவே விடாமல் பிடிக்க வேண்டும். திமிறவும், கத்தவும், ஓடவும் பழக்க வேண்டும். மேடையில் வீசிக்காட்டுவதோடு நின்றுவிடும் சிலம்பத்துக்கும் இதே விதிதான். நம் கலை என்பதால் அதற்கு விலக்கில்லை.

கலையின் குறையைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. தற்காப்பைக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று காவற்பொறுப்பைப் பெண்ணின் தோளிலேயே ஏற்றிவிடும் போக்கு அது. 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இரவுப் பணிக்கு வழி திறந்தபோதே போக்குவரத்து உள்ளிட்ட பாதுகாப்பு ஏற்பாடுகளை நிபந்தனையாக வைத்தது. வீட்டருகே வந்து இறக்கிவிடும் பேருந்தும், எரிகிற தெருவிளக்கும் ஆலையும் அரசும் செய்ய வேண்டியவை. அவை தவறும் இடத்தில் எந்த உதையும் ஈடாகாது.