ஐந்தாம் இடத்துக் கணக்கு

முற்றாகத் தோற்றவனைக் காட்டிலும் வாயில்வரை சென்று திரும்பியவனே நெடுநாள் வருந்துகிறான். இதற்குச் சான்று தேடி நூலகம் புக வேண்டியதில்லை. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள எங்கள் கரையோர ஊர்களின் தேநீர்க் கடை ஒன்றில் அரை நாழிகை அமர்ந்தாற் போதும். இந்தியன் பிரீமியர் லீக் போட்டியில் 2025ஆம் ஆண்டு சென்னை சுப்பர் கிங்ஸ் அணி, ஆடிய 14 ஆட்டங்களில் நான்கினை மாத்திரமே வென்று, பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. அதனைப் பற்றி இங்கே எவரும் வாய் திறப்பதில்லை. அதற்கு முந்திய 2024ஆம் ஆண்டில் அதே அணி ஐந்தாவதாக நின்று, முதல் நான்கு அணிகளுக்குரிய இறுதிச் சுற்றினை இழந்தது. அப்பேச்சோ இன்னும் ஓய்ந்தபாடில்லை.

தமிழ் படிப்பிக்கும் பண்டிதனுக்குத் துடுப்பாட்டத்தில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். 1996ஆம் ஆண்டு லாகூரில் நம் நாடு உலகக் கிண்ணத்தை வென்ற இரவு முதலாக நானும் இவ்வாட்டத்தைப் பார்த்து வருகிறவன்தான். அன்றியும், என் மாணவர் மாலை வேளைகளில் மஞ்சட் சட்டை அணிந்து சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஆடித் திரியும்போது, அவர் நெஞ்சில் இருப்பது யாதென அறியாமல் மறுநாட் காலை அவர்க்கு யாப்பிலக்கணம் கற்பிப்பது எங்ஙனம்? ஆதலின், 2024 மே 18ஆம் நாளிரவு பெங்களூரில் நிகழ்ந்ததையும், அதனை எம்மவர் பேசும் முறையையும் சற்றே ஆராய்வது தகும் எனக் கருதுகிறேன்.

அன்று சென்னை அணி வெல்ல வேண்டுமென்பதுகூட இல்லை. 18 ஓட்டங்களுக்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றாலே போதும், இறுதிச் சுற்று அதன் கைக்கு வந்துவிடும். றோயல் சலஞ்சர்ஸ் பெங்களூரு அணி முதலில் ஆடி 20 ஓவர்களில் 5 விக்கெட்டுகளை இழந்து 218 ஓட்டங்களைக் குவித்தது. ஆகவே சென்னைக்கு வெற்றி இலக்கு 219. உள்ளே நுழைவதற்கான இலக்கோ 201. புதிய தலைவர் ருத்துராஜ் கெய்க்வாட் தாம் எதிர்கொண்ட முதற் பந்திலேயே வெளியேறினார். ரச்சின் ரவீந்திரா 61 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் ஜடேஜாவும் டோனியும் சேர்ந்து ஆட்டத்தைக் கடைசி ஓவர்வரை இழுத்து வந்தனர். அந்த ஓவருக்கு வேண்டியிருந்தவை 17 ஓட்டங்கள்.

பந்து வீச வந்தவர் யாஷ் தயாள். ஓராண்டுக்கு முன்னர், 2023 ஏப்ரலில், வேறோர் அணிக்காக வீசிய கடைசி ஓவரில் ரிங்கு சிங்கிடம் தொடர்ந்து ஐந்து சிக்ஸர்களை வாங்கி, ஊரார் நகைப்புக்கு ஆளானவர் அவர். இம்முறை முதற் பந்தை டோனி 110 மீற்றர் தொலைவுக்கு அடித்தபோது பழைய கதையே மீளும் என்று எல்லாரும் எண்ணினர். பந்து மைதானத்தைக் கடந்து போய்விட்டது. மழையில் நனைந்த பந்துக்குப் பதிலாக உலர்ந்த வேறொரு பந்து வந்தது. அதுவே தங்களுக்கு வாய்த்த நன்மை என்று பெங்களூரு அணியிலிருந்த தினேஷ் கார்த்திக் பின்னர் வேடிக்கையாகச் சொன்னார். அவரும் சென்னைக்காரர்தாம்! இரண்டாம் பந்தில் டோனி பிடி கொடுத்து வெளியேறினார். மூன்றாம் பந்தில் ஓட்டமில்லை. நான்காம் பந்தில் ஒன்று. எஞ்சிய இரு பந்துகளில் 10 ஓட்டங்கள் வேண்டும். எதிர்நின்றவர் ஜடேஜா.

இவ்விடத்தில் வாசகர் சற்று நிற்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில், அகமதாபாத்தில், நள்ளிரவு கடந்து, இதே ஜடேஜாவின் முன் இதே கணக்குத்தான் இருந்தது. இரண்டு பந்து, பத்து ஓட்டம். அன்று ஒன்றை ஆறாகவும் மற்றையதை நான்காகவும் அடித்துக் கிண்ணத்தைப் பெற்றுக் கொடுத்தார். பெங்களூரிலோ இரு பந்துகளும் மட்டையிற் படாமலே சென்றன. சென்னை 191இல் நின்றது. ஓராண்டு இடைவெளியில் ஒரே மனிதர், ஒரே கணக்கு. கதை புனைவோன் இப்படி எழுதினால் நம்பத்தகாததென நாம் தள்ளிவிடுவோம்.

எம் ஊர்ப் பேச்சு முழுவதும் இவ்விரு பந்துகளிலேயே தங்கிவிட்டது. "அவர் தொட்டிருந்தால்" என்பார் ஒருவர். "டோனி அந்தச் சிக்ஸரை அடியாதிருந்தால்" என்பார் இன்னொருவர். கண் இறுதியாகக் கண்டதை மனம் முழுமையாக எடுத்துக்கொள்வது இயல்பே. ஆயினும் புள்ளிப் பட்டியல் கண்ணால் எழுதப்படுவதன்று.

சென்னை, பெங்களூரு, டெல்லி, லக்னோ ஆகிய நான்கு அணிகளும் ஏழு வெற்றி, ஏழு தோல்வி, 14 புள்ளி என ஒரே நிலையில் நின்றன. அவற்றைப் பிரித்தது நிகர ஓட்ட வீதம். ஓர் அணி பருவம் முழுவதும் எடுத்த ஓட்டங்களை அது ஆடிய ஓவர்களாற் பிரித்து, அவ்வீவிலிருந்து, எதிரணிகள் எடுத்த ஓட்டங்களை அவை ஆடிய ஓவர்களாற் பிரித்து வரும் ஈவைக் கழித்தால் அது கிடைக்கும். பெங்களூருக்கு 0.459. சென்னைக்கு 0.392. வேற்றுமை 0.067. இவ்வளவு சிறியதைக் கொண்டா ஒரு பருவத்தின் உழைப்பை நிறுப்பது என்று சினந்தவர்களைக் கண்டேன். இலக்கணம் கற்றவனுக்கு இதில் வியப்பில்லை. மெய்க்கு அரை மாத்திரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை என்று நம் முன்னோர் நிறுத்து வைத்திருக்கின்றனர். கால் மாத்திரையைக் கணக்கில் எடுத்தவர் வழிவந்த நாம் தசமத்தின் மூன்றாம் இடத்தைப் பார்த்து மலைப்பதென்ன?

இனி அந்த 0.067ஐ ஓட்டமாக மாற்றிப் பார்ப்போம். 14 ஆட்டங்கள், ஆட்டமொன்றுக்கு 20 ஓவர்கள் எனக் கொண்டால் 280 ஓவர்கள். பெங்களூருக்கு எதிராக ஒரு தனி ஓட்டம் கூடினால், சென்னையின் வீதம் ஏறுவதோடு பெங்களூரின் வீதமும் அதே அளவு இறங்கும். ஆகவே அவ்வோட்டம் இருமடங்கு பயன் தரும். பத்து ஓட்டங்கள் போதுமாயிருந்தது அதனாலேதான். வேறெந்த ஆட்டத்திலும் அது ஒருமடங்கே. அங்கே ஏறத்தாழ 19 ஓட்டங்கள் தேவைப்பட்டிருக்கும். பருவம் முழுவதிலும் வெறும் 19 ஓட்டங்கள்! மே 10ஆம் நாள் அகமதாபாத்தில் குஜராத்திடம் சென்னை 35 ஓட்டங்களால் தோற்றது. அன்று 16 ஓட்டங்களால் தோற்றிருந்தால், பெங்களூரில் நிகழ்ந்த யாவும் நிகழ்ந்தபடியே நிகழ்ந்திருந்தும் சென்னையே உள்ளே சென்றிருக்கும்.

அந்தக் குஜராத் ஆட்டத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஷுப்மன் கில்லும் சாய் சுதர்சனும் முதல் விக்கெட்டுக்கு 210 ஓட்டங்கள் சேர்த்தனர். இருவரும் சதம் அடித்தனர். சாய் சுதர்சன் சென்னையில் வளர்ந்த பிள்ளை. சென்னையின் ஏட்டில் பெரிய ஓட்டை இட்டவர் சென்னைப் பிள்ளையே என்பதை எம் இளைஞர் பேசக் கேட்டிலேன். அன்று ஆட்டம் கைநழுவிய பின்னர் டோனி 11 பந்துகளில் 26 ஓட்டங்கள் அடித்தார். "தோற்ற பிறகு என்ன வாணவேடிக்கை?" என்று என் அருகிருந்தவர் முணுமுணுத்தார். அவ்வாணவேடிக்கையே அணியின் வீதத்தைத் தாங்கிப் பிடித்தது. மார்ச் 31ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் இவ்வாறே. கடைசி ஓவரில் 41 ஓட்டங்கள் வேண்டியிருக்க, டோனி 20 ஓட்டங்கள் அடித்தார். தோல்வி தோல்விதான். ஆனால் 40 ஓட்டத் தோல்வி 20 ஓட்டத் தோல்வி ஆயிற்று. அந்த 20 ஓட்டங்கள் இல்லையெனில் மே 18ஆம் நாள் கடைசி ஓவருக்கு முன்னரே நம்பிக்கை அற்றுப்போயிருக்கும். மருதமுனைத் தறிகளில் நெய்வோர் இதனை எளிதில் உணர்வர். துணியின் விளிம்பில் தோன்றும் கோணல் விளிம்பிலே தொடங்கியதன்று.

சேப்பாக்கத்தில் நேர்ந்த இரு தோல்விகளைப் பற்றி ஒரு சொல். ஏப்ரல் 23ஆம் நாள் 210 ஓட்டங்கள் எடுத்தும் லக்னோவிடம் தோற்றனர். ஸ்டொய்னிஸ் தனியாக 124 எடுத்தார். மே முதலாம் நாள் 162 ஓட்டங்கள் மாத்திரமே எடுத்து, 13 பந்துகள் மீதமிருக்கப் பஞ்சாபிடம் தோற்றனர். அன்றே தீபக் சஹார் இரண்டு பந்து வீசிக் காயமுற்று வெளியேறினார். ஒன்பது ஆட்டங்களில் 14 விக்கெட் வீழ்த்திய முஸ்தபிசுர் ரஹ்மான் அவ்வாட்டத்தோடு தம் நாட்டு அணிக்காகப் பங்களாதேஷ் திரும்பினார். நம் நாட்டு மதீஷ பத்திரன ஆறே ஆட்டங்களில் 13 விக்கெட் வீழ்த்தியபின் தொடைத்தசைக் காயத்தால் நாடு திரும்பினார். என் கணிப்பில் சென்னையின் இழப்புக்குத் தலையாய காரணம் இதுவே. கடைசி ஓவர்களில் ஓட்டத்தை அடக்க வல்ல கைகள் மே மாதத்தில் இல்லை.

பத்திரனவைப் பற்றிச் சொல்லும்போது 2013ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு தமிழக அரசின் எதிர்ப்பினால், இலங்கை வீரர் எவரும் சென்னையில் நடைபெறும் ஆட்டங்களில் இறங்கலாகாது என முடிவு செய்யப்பட்டது. சென்னை அணியிலேயே இருந்த இலங்கையரும் அத்திடலில் ஆட இயலவில்லை. போரில் மாண்டோர்க்காகத் தமிழகம் கொதித்த காலம் அது. அக்கொதிப்பின் நியாயத்தை நான் மறுப்பவனல்லேன். எனினும் கண்டித் தமிழரான முரளிதரன் முதல் மூன்று பருவங்கள் மஞ்சள் உடுத்தி ஆடிய திடல் அது. பதினோர் ஆண்டுகளின் பின் அதே திடலில் கூடியோர் ஒரு சிங்கள இளைஞர் காயமுற்று ஊர் திரும்பியதற்காக வருந்தினர். எங்கள் கரையிலும் முஸ்லிம், தமிழ்ப் பிள்ளைகள் ஒருங்கே வருந்தினர். மே 18இன் கணக்கை எல்லாரும் வைத்திருக்கின்றனர். இதனைக் குறித்து வைத்தார் எவருமிலர்.

இந்தத் தசமக் கணக்கு எம் பிள்ளைகளுக்கு விளையாட்டில் மாத்திரம் நேர்வதன்று. உயர்தரப் பரீட்சை எழுதுவோர் பல்கலைக்கழகம் புகுவது இஸட் புள்ளியால். பாடத்தின் சராசரியிலிருந்து ஒருவர் பெற்ற புள்ளி எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலாற் பிரித்துப் பெறுவது அது. நான்கு தசம இடங்கள்வரை வெளியாகும். இடங்களில் 40 வீதம் தீவளாவிய தகைமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் அம்பாறையும் ஒன்று. வெட்டுப்புள்ளிக்கு மூன்றாம் தசமத்தில் தாழ்ந்து மருத்துவ பீடத்தை இழந்த மாணவி ஒருத்தியை நான் அறிவேன். இளமையில் என்னிடம் தமிழ் பயின்றவள். பௌதிகவியல் வினாத்தாளின் இறுதி வினாவை அவள் விட்டுவிட்டாளாம். உறவினர் இன்றும் அவ்வினாவையே சொல்லிக் காட்டுகின்றனர். அவள் பயின்ற பாடசாலையில் பௌதிகவியலுக்கு எட்டு மாதங்கள் ஆசிரியரே இருக்கவில்லை. அதை எவரும் சொல்லிக் காட்டுவதில்லை. ஜடேஜாவின் இரு பந்துகளைப் போல அந்த ஒரு வினா அவள் தலைமேல் நிற்கிறது. ஏப்ரல் மாதத்து ஓட்டங்களைப் போல அந்த எட்டு மாதங்கள் காணாமற் போயின.

கணக்கை அறியாமையால் கெட்ட கதையும் உண்டு. 2023 செப்டெம்பர் 5ஆம் நாள், அதே லாகூரில், ஆசியக் கிண்ணப் போட்டியில் இலங்கை 291 ஓட்டங்கள் எடுத்தது. 37.1 ஓவர்களில் 292 எடுத்தால் ஆப்கானிஸ்தான் அடுத்த சுற்றுக்குச் செல்லும். அப்பந்தில் ஒரு விக்கெட் விழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று ஆப்கானியர் கருதினர். உண்மையில் முடியவில்லை. 37.4ஆவது ஓவருக்குள் 295 எடுத்தாலும் போதுமாயிருந்தது. மறுமுனையில் அடிக்க வல்ல ரஷீத் கான் நின்றார். ஒரு தனி ஓட்டம் எடுத்து அவரிடம் ஆட்டத்தைக் கொடுக்க வேண்டும் என்று சொல்வார் இல்லை. இறுதியில் வந்தவர் பந்துகளைத் தடுத்து ஆடி, நான்காம் பந்தில் ஆட்டமிழந்தார். இலங்கை இரண்டு ஓட்டங்களால் தப்பியது. கணக்கு தங்களுக்கு முறையாக அறிவிக்கப்படவில்லை என்று அவர்களின் பயிற்றுநர் பின்னர் சொன்னார்.

பல்கலைக்கழக விண்ணப்பக் கைந்நூல் வெளியாகும் பருவத்தில் எங்கள் ஊரிலும் இவ்வாறே நிகழ்கிறது. துறைகளை விருப்ப ஒழுங்கில் நிரப்ப வேண்டிய படிவத்தை, முதலிரு துறைகளோடு நிறுத்திவிட்டு, "இனிக் கிடைக்காது" என்று வீட்டிலிருப்போர் பலர். அவர்தம் புள்ளிக்குக் கிடைக்கக்கூடிய துறை அப்படிவத்தின் கீழே, நிரப்பப்படாத வரியில் இருக்கும். ஆதலால் அக்காலத்தில் மஃரிபுக்குப் பின் சில மாணவரை அமர்த்தி, முந்திய ஆண்டு வெட்டுப்புள்ளிகளை அருகில் வைத்து, ஒவ்வொரு வரியாக நிரப்புவித்து வருகிறேன். கணிதம் வராத என் போன்ற பண்டிதனுக்கு இதில் உதவுவோர், 0.459க்கும் 0.392க்கும் உள்ள வேற்றுமையை உறக்கத்திலும் சொல்லக்கூடிய அம்மஞ்சட் சட்டைப் பிள்ளைகளே.