குமிழ் எங்கே?

சென்ற மாதம் மகனோடு கார் பார்க்கப் போயிருந்தேன். கடைப் பையன் முதலில் காட்டியது என்ஜினை அல்ல, சிலேட்டுப் பலகை அளவுத் தொடுதிரையை. "எல்லாமே இதுக்குள்ள இருக்கு சார்" என்றான். அதுதான் ஐயா என் புகாரே!

வழி சொல்லும் அம்மணி எங்கள் புதுச்சேரி 'ரூ த்யுமா'வை 'டூமாஸ்' என்றாள். பிரெஞ்சில் படித்த காது கூசியது. போகட்டும், மன்னிக்கலாம். ஏசியைக் குறைக்கத் திரையில் மூன்று இடம் தொட வைத்ததை மன்னிக்க முடியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண் விலகினால், வண்டி 33 மீட்டர் குருட்டுத்தனமாக ஓடுகிறது. சோதனை ஓட்டத்தில் மகன் திரையைத் தடவியபோது சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். நான் போட்ட கூச்சலில் பிழைத்தார்.

கிழவன் புலம்பல் என்பீர்கள். 2017இல் சிங்கப்பூர் அருகே 'ஜான் எஸ். மெக்கெய்ன்' போர்க்கப்பல் மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். தொடுதிரைக் குழப்பமும் ஒரு காரணம் என்றது விசாரணை. வேகத்தைக் கட்டுப்படுத்தப் பழைய கைப்பிடிக்கே திரும்புவதென்று அமெரிக்கக் கடற்படை முடிவெடுத்தது.

வரைபடத்துக்கும் தனிக் காசு வேண்டாம். கைப்பேசி வரைபடம் தானே புதுப்பித்துக்கொள்ளும். அதைக் காட்ட ஒரு சின்னத் திரை போதும்.

மகனுக்கு மனத்தாங்கல்தான். ஆனாலும் குமிழ் வைத்த, விலை குறைந்த வண்டியையே எடுத்தோம். நீங்களும் கடையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஏசியைக் குறைத்துப் பாருங்கள். முடியவில்லையா? எழுந்து வந்துவிடுங்கள்.