வியர்வைத் துளியை அழிக்கச் சொன்னவர்கள்

‘காமிக்ஸிலும் அறிவியல் புனைவிலும் இப்போது அரசியலைத் திணிக்கிறார்கள். எங்கள் காலத்தில் கதை கதையாக மட்டும் இருந்தது’ என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை புலம்பியிருந்தது. அந்தப் பொற்காலம் எந்த ஆண்டில் இருந்தது என்று கட்டுரையாளர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அப்படி ஒரு காலம் இருந்ததே இல்லை.

1938இல் அறிமுகமான ஆண்டிலேயே சூப்பர்மேன், மனைவியை அடிப்பவனையும் தொழிலாளர் உயிரை மதிக்காத சுரங்க முதலாளியையும் பிடித்து உலுக்கினான். கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது. அதன் அட்டையில் அவன் ஹிட்லரின் முகத்தில் குத்துகிறான். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஓராண்டு இருந்தது. வரைந்த ஜாக் கிர்பியும் ஜோ சைமனும் யூதர்கள். கட்டுரையாளர் வெறும் ராட்சதப் படமாக நினைத்து ஏங்கும் ‘காட்ஸில்லா’ 1954 நவம்பரில் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் பிகினித் தீவில் அமெரிக்கா வெடிக்கச் செய்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மீது விழுந்தது. படம் தொடங்குவதே கடலில் ஓர் ஒளி வெடித்துக் கப்பல் எரிவதில்தான்.

ஒரே ஒரு கதையை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். 1953இல் இ.சி. காமிக்ஸின் ‘வியர்ட் ஃபேன்டஸி’ இதழில் வந்த ‘ஜட்ஜ்மென்ட் டே’. எழுதியவர் அல் ஃபெல்ட்ஸ்டீன், வரைந்தவர் ஜோ ஆர்லாண்டோ. ரோபோக்கள் வாழும் கிரகம் ஒன்றுக்கு, விண்மீன் குடியரசில் சேரத் தகுதி உண்டா என்று பார்க்க பூமியிலிருந்து ஓர் ஆய்வாளர் வருகிறார். ஆரஞ்சு ரோபோவும் நீல ரோபோவும் உள்ளே ஒரே பாகங்களால் ஆனவை. மேலுறை நிறம் மட்டும் வேறு. ஆனால் நீலத்துக்கு ஒதுக்குப்புறக் குடியிருப்பு, பேருந்தில் பின் இருக்கை. இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கப்பலேறுகிறார். கதை முழுக்க மூடியிருந்த தலைக்கவசத்தைக் கடைசிக் கட்டத்தில் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பர். முகத்தில் வியர்வை மின்னுகிறது.

இந்தக் கதையை 1956ஆம் ஆண்டு இதழ் ஒன்றில் மறுபதிப்பு செய்ய முயன்றபோது, ‘காமிக்ஸ் கோட்’ தணிக்கையின் தலைவராக இருந்த நீதிபதி சார்லஸ் மர்ஃபி, ஆய்வாளர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். அந்த முகம் போனால் கதையே போய்விடும் என்று ஃபெல்ட்ஸ்டீன் மறுத்தார். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் விஷயத்தைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோவேன் என்று எச்சரித்தார். பிறகு, வியர்வைத் துளிகளையாவது அழியுங்கள் என்று தணிக்கைத் தரப்பு கேட்டது. கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டீனும் ஒரு துளியைக்கூட அழிக்காமல் அச்சேற்றினார்கள். இ.சி. வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழ் அதுதான்.

கட்டுரையாளர் ஏங்கும் ‘அரசியல் கலக்காத கதை’ என்பது மர்ஃபி கேட்ட கதை. அதை அன்று யாரும் இயல்பாக எழுதிவிடவில்லை. அழிப்பானை நீட்டித்தான் கேட்டார்கள்.

இன்று வருவனவற்றில் சில வெறும் பிரசங்கமாக இருக்கின்றன என்பது உண்மை. அது கதை சொல்லத் தெரியாத குறை. அந்தக் குறையைக் காட்டி, நிறவெறியையும் போரையும் பேசும் உரிமையையே பறிக்கப் பார்ப்பது நேர்மையல்ல.

பத்து வயதில் நமக்கு அரசியல் புரியவில்லை. ஆரஞ்சையும் நீலத்தையும் வெறும் வண்ணமாகப் பார்த்தோம். அது குழந்தையின் குற்றமல்ல. ஆனால் வளர்ந்த பிறகும் அந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டாமல், அதில் எதுவுமே இல்லை என்று அடுத்த தலைமுறையிடம் சாதிப்பது குற்றம். அந்த இதழை எடுத்துக் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். வியர்வை இன்னும் காயவில்லை.