உயர்தரத்துக்குப் பின்னர் ஒரே கதவுதானா?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் மறுநாள் எமது தமிழ்ப் பத்திரிகைகளின் முதற்பக்கம் எப்படியிருக்கும் என்பதை வாசகர்கள் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். மாவட்டத்தில் முதலிடம் பெற்ற மாணவரின் படம், அருகே பெற்றோர், சற்றுத் தள்ளி அதிபர். மருத்துவராகிச் சமூகத்துக்குச் சேவையாற்றப்போவதாக ஒரு வாக்கியம். அந்த மாணவரின் உழைப்பு பாராட்டுக்குரியது. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், அதே வகுப்பில் அவருக்குப் பின்வரிசையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

அவர்களே பெரும்பான்மையினர். அண்மைய ஆண்டுகளில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். அரச பல்கலைக்கழகங்களில் உள்ள இடங்களோ 40,000 முதல் 45,000 வரை. அதாவது, பரீட்சையில் சித்தியடைந்த பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு இடமில்லை. மருத்துவத்துக்கு நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 2,000 இடங்களே. இது பிள்ளையின் திறமைக் குறைவல்ல, கதிரைகளின் எண்ணிக்கை.

இந்தக் கணக்கைப் பெற்றோர் அறியாதவர்களல்லர். ஆயினும், இசட் புள்ளி போதாமற்போனால் இரண்டாம் தடவை, அதுவும் போதாவிடில் மூன்றாம் தடவை என்று பிள்ளையை மீண்டும் தனியார் கல்வி நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். இரண்டாவது முயற்சிக்குப் பல சமயங்களில் நியாயம் உண்டு. மூன்றாவது முயற்சியைப் பிள்ளை கேட்கிறதா, வீடு கேட்கிறதா என்று ஒரு தடவையாவது விசாரிக்க வேண்டும். இருபத்தொரு வயதில் கையில் எந்தச் சான்றிதழும் இன்றி, ஊராரின் கேள்விக்கு அஞ்சி வீட்டுக்குள் இருக்கும் இளைஞர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தவரின் இந்தப் பிடிவாதத்துக்கு வரலாறு உண்டு. ஆறுகளற்ற வரண்ட நிலத்தில் ஆங்கிலக் கல்வியே நிச்சயமான விளைச்சலாக இருந்தது. மிஷனரிகளின் பாடசாலைகளில் படித்தவர்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் இலிகிதர்களாகவும் புகையிரத நிலைய அதிபர்களாகவும் சென்றார்கள். கோழி மேய்த்தாலும் 'கோர்ணமேந்தில்' மேய்க்க வேண்டும் என்ற பழமொழி அக்காலத்தின் பிள்ளை. பின்னர் 1970களில் வந்த தரப்படுத்தல், பல்கலைக்கழக அனுமதியை எமது இனத்தின் மானப் பிரச்சினையாக்கியது. இவையெல்லாம் வெளிப்படையாகப் பேசப்படுபவை. பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. கையால் செய்யும் தொழிலைச் சாதியோடு பிணைத்துப் பார்த்த சமூகம் இது. மகன் மின்னிணைப்பாளனாகவோ தச்சனாகவோ வருவான் என்றால் சம்பளத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

கிளிநொச்சி அறிவியல் நகருக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அங்கேதான் உள்ளது. 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையமும் அங்கேதான் உள்ளது. வாகனத் தொழினுட்பம், கட்டட நிர்மாணம், மின்னியல், உணவுத் தொழினுட்பம் என்று நல்ல உபகரணங்களுடன் அங்கு பயிற்றுகிறார்கள். முன்னதன் பெயரைச் சொல்லாத பெற்றோர் இல்லை. பின்னதன் பெயரைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

தொழிற்பயிற்சிக்குப் போனால் படிப்பு முடிந்துவிட்டது என்ற எண்ணமும் தவறு. தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். அந்தப் பட்டத்தை வழங்குவதற்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. எனவே பத்தொன்பது வயதில் பட்டறைக்குள் நுழைந்தவன், சம்பாதித்துக்கொண்டே முப்பது வயதுக்குள் பட்டதாரியாகவும் முடியும். கல்வியியற் கல்லூரிகள், தாதியர் பயிற்சி, கணக்காளர் பரீட்சைகள், திறந்த பல்கலைக்கழகம் என்று வேறு வழிகளும் உள.

மறுபுறத்தில், பட்டம் மட்டும் என்ன உத்தரவாதம் தந்தது? 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்திருந்தார்கள். 2020இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று பல அலுவலகங்களுக்குத் தெரியவில்லை. இதனால் கலைப்பட்டம் வீண் என்று நான் கூறவரவில்லை. நானும் கலைப்பட்டதாரியே, வரலாறு படித்திராவிட்டால் ஒரு செய்தியின் பின்னணியை என்னால் விளங்கியிருக்க முடியாது. கன்னங்கரா 1945இல் பெற்றுத்தந்த இலவசக் கல்வி எளிதில் உதறக்கூடியதுமல்ல. விரும்பிப் படிப்பவருக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஈடில்லை. வேறொன்றும் தெரியாததால் அங்கு போவதுதான் நோய்.

புலம்பெயர்ந்த உறவினரிடமும் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. சுவிற்சர்லாந்தில் கட்டாயக் கல்வியை முடிக்கும் இளைஞரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிலுநர்களாகவே செல்கின்றனர். எமது பிள்ளைகள் பலரும் அதில் அடக்கம். தம் மகன் அங்கு இயந்திரத் தொழிலாளனாக நல்ல சம்பளம் பெறுவதைப் பெருமையாகச் சொல்லும் சித்தப்பாதான், ஊரில் உள்ள பெறாமகள் டொக்டராக வேண்டும் என்று தொலைபேசியில் வற்புறுத்துகிறார்!

இந்தப் பேச்சு உயர்தரப் பெறுபேற்றுக்குப் பின்னர் தொடங்கினால் காலந்தாழ்ந்துவிடும். சாதாரணதரம் முடிந்து துறை தெரியும் பதினாறு வயதிலேயே தொடங்க வேண்டும். எந்தப் பாடத்தில் எத்தனை 'ஏ' என்பதை விடுத்து, எந்த வேலையில் இருக்கும்போது அவனுக்கு நேரம் போவது தெரிவதில்லை என்று கேளுங்கள். பயிற்சி நிலையம் ஒன்றுக்கும் பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் நேரில் அழைத்துச் சென்று காட்டுங்கள். தனியார் நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் கற்கைநெறியாயின், பட்டமெனில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதனை அங்கீகரித்துள்ளதா, தொழிற்கல்வியெனில் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்நிறுவனம் பதிவு பெற்றுள்ளதா என்று பணம் கட்டுமுன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டிய பின்னர் விசாரிக்க வந்தவர்களின் முறைப்பாடுகள் எமது அலுவலகத்துக்கும் வருவதுண்டு. கட்டணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் அவர்களுள் மிகச் சிலரே.