ரைன் கரையில் ஓர் ஆர்2டி2

ஜெர்மனியின் தென்மேற்கே, ரைன் நதிக்கரையில் இருக்கிறது ஸ்பையர் நகரம். அங்குள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் சோவியத் யூனியனின் புரான் விண்ணோடம் ஒன்று நிற்கிறது. 36 மீட்டர் நீளம். படியேறிப் போய் அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கலாம். இத்தனைக்கும் அது விண்வெளிக்குப் போனதே இல்லை. தரையிறங்கிப் பழகுவதற்காக முழு அளவில் கட்டிய சோதனைக் கலம் அது. ஜெட் எஞ்சின் பூட்டி 1985 முதல் 1988 வரை 25 முறை பறக்கவிட்டார்கள். உண்மையில் விண்ணுக்குப் போய்த் திரும்பிய புரான் ஒன்றே ஒன்றுதான். 1988 நவம்பர் 15 அன்று, ஆளில்லாமல் பூமியை இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கியது. 2002இல் பைக்கனூரில் அது நின்ற கொட்டகையின் கூரை இடிந்து விழுந்ததில் நொறுங்கிப்போனது. பழகிப் பார்க்கச் செய்ததோ சிட்னி, பஹ்ரைன் என்று அலைந்துவிட்டு, 2008இல் ரைன் வழியாகப் படகில் வந்து ஸ்பையரில் நிலைத்துவிட்டது.

இந்த அருங்காட்சியகத்தில்தான் ஆண்டுதோறும் அறிவியல் புனைகதை ரசிகர்கள் கூடுகிறார்கள். புரானின் இறக்கைக்குக் கீழே வெள்ளைக் கவசம் பூண்ட ஸ்டார் வார்ஸ் படைவீரர்கள் குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் உடைகளைப் பார்க்கத்தான் போனேன். பார்த்துக்கொண்டே போனவன் நின்றுவிட்டது ஸ்டார் வார்ஸின் குட்டி ரோபோவான ஓர் ஆர்2டி2விடம்.

இடுப்புயரம்தான் இருக்கும், 1.09 மீட்டர். வெள்ளி நிறக் கும்பத்தலை, நீலக் கட்டங்கள், மூன்று கால்கள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்து ஒரு சீழ்க்கை அடித்தது. அந்தக் குரலைப் படத்துக்காக ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் தன் சொந்தக் குரலையும் சிந்தசைசரையும் கலந்து உண்டாக்கினார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், குனிந்து பதில் சொன்னேன். முழு அளவில் ஒரு பொருள் எதிரே வந்து நின்றால் உடம்பு அப்படித்தான் நடந்துகொள்கிறது. இதே உருவத்தை மேசைமேல் பொம்மையாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூடப் பேசத் தோன்றியதில்லை.

அதைச் செய்தவர் ரூர் பகுதிக்காரர். சுரங்க இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். அந்தப் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் போட்ராப்பில் மூடப்பட்டது. லேத்தில் நின்ற கைகள் வீட்டில் சும்மா இருக்குமா? இயந்திரத்தின் ஒரு கதவைத் திறந்து உள்ளே காட்டினார். கால்களுக்குள் மோட்டார், நடுவில் பேட்டரி, மேலே தலையைச் சுழற்றும் பல்சக்கரம், எல்லாவற்றையும் இயக்கும் சிறிய மின்சுற்றுப் பலகை. ரிவெட் ஒவ்வொன்றும் படத்தில் இருக்கிற இடத்திலேயே இருந்தது. "திரையில் தெரியாத பக்கமும் சரியாக இருக்க வேண்டும்," என்றார். தேரடியில் வாகனத்துக்கு வண்ணம் தீட்டுகிறவர், சாமி உட்கார்ந்தபின் மறைந்துவிடும் பீடத்தையும் விட்டுவிடாமல் தீட்டுவாரே, அந்தச் சிரத்தை.

அளவுகள் எங்கே கிடைத்தன என்று கேட்டேன். 1999இல் ஆஸ்திரேலியாவில் டேவ் எவரெட் என்பவர் தொடங்கிய ஆர்2 பில்டர்ஸ் கிளப் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஒருவர் கண்டுபிடித்த அளவை எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். ஒருவரிடம் தலைக்கும்பம் உருட்டும் வசதி இருந்தால் நாலு பேருக்குச் சேர்த்து உருட்டித் தருகிறார். இந்த ரசிகர் உலகத்தில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தக் கொடைக்குணம்தான். காமூய் காஸ்ப்ளே என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மன் பெண் ஸ்வெட்லானா குவிண்டும் அப்படித்தான். சூடு காட்டினால் இளகும் பிளாஸ்டிக் தகட்டையும் ரப்பர் நுரையையும் கொண்டு கவசம் செய்வதைப் படிப்படியாகச் சொல்லித் தரும் புத்தகங்களே எழுதிவிட்டார். நம் ஊரில் கைத்தொழில் ரகசியங்கள் ஆளோடு சேர்ந்து போவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பெரிய விஷயம்.

இவர்கள் இவ்வளவு துல்லியமாக நகலெடுக்கும் அசல்கள் எப்படிப்பட்டவை தெரியுமா? சினிமா ப்ராப்பர்ட்டி என்பது கேமரா அணையும்வரை தாங்கினால் போதும் என்று செய்வது. 1977இல் வந்த முதல் படத்தின் ஆர்2டி2 தலையில் இருக்கும் அந்தக் குமிழ்கள், வைக்கவுண்ட் விமானத்தில் இருக்கைக்கு மேலிருந்த வாசிப்பு விளக்குகள். லூக்கின் ஒளிவாளுக்குப் பிடியாக அரங்க அலங்காரக் கலைஞர் ரோஜர் கிறிஸ்டியன் எடுத்தது, கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய கேமராவின் பிளாஷ் கைப்பிடி. ஹான் சோலோவின் துப்பாக்கி ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் பிறந்த மவுசர் சி96 கைத்துப்பாக்கியை மாற்றிச் செய்தது. அந்தத் துப்பாக்கியின் நகலை இன்று ஜெர்மன் ரசிகர் ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டு ரயிலேற முடியாது. நிஜத் துப்பாக்கி போலத் தோன்றும் எதையும் பொது இடத்தில் ஏந்திச் செல்வதை 2008 முதல் ஆயுதச் சட்டம் தடுக்கிறது. பூட்டிய பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். அவர்கள் முணுமுணுக்காமல் பூட்டுகிறார்கள்.

ஜெர்மனிக்கு இதில் தனிப் பரம்பரையே உண்டு. 1966 செப்டம்பர் 17 அன்று ஜெர்மன் தொலைக்காட்சியில் 'ரௌம்பட்ரூல்யே ஓரியன்' என்ற விண்வெளித் தொடர் தொடங்கியது. அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஏழே பகுதிகள், மியூனிக்கின் பவேரியா ஸ்டூடியோவில் எடுத்தார்கள். விண்கலத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஓர் இஸ்திரிப்பெட்டி இருக்கும். பென்சில் சீவியும் குளியலறைக் குழாய்ப் பாகங்களும் கருவிகளாக உட்கார்ந்திருக்கும். அந்த அரங்கை அமைத்த ரோல்ஃப் செஹெட்பவர் பின்னாளில் 'கேபரே' படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். ஓரியன் ரசிகர்கள் அந்த இஸ்திரிப்பெட்டியை இன்றும் பாசத்தோடு பேசுகிறார்கள். எனக்கும் அதில் ஒரு மரியாதை. காசில்லாதபோது கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்காலத்தைக் கட்டிய துணிச்சல் அது.

இன்னும் பின்னால் போனால் ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' வருகிறது. பெர்லினில் 1927 ஜனவரியில் வெளியானது. அதில் வரும் இயந்திரப் பெண்ணைச் செய்தவர் வால்டர் ஷுல்சே-மிட்டென்டார்ஃப் என்ற சிற்பி. நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடம்பை அச்செடுத்து, அதன்மேல் மரக்கூழ் போன்ற ஒரு பசையைப் படியவைத்து, உலோகம் போலத் தோன்றும்படி வண்ணம் பூசினார். பிற்பாடு ஸ்டார் வார்ஸின் தங்க நிற சி-3பிஓ உருவானது அதைப் பார்த்துத்தான். அந்த அசல் உடை இன்று இல்லை. 1970களில் அதே சிற்பி முதிய வயதில் பாரிஸின் சினிமாதெக்குக்காகத் தன் படைப்பைத் தானே நகலெடுத்துக் கொடுத்தார். நாம் இன்று போய்ப் பார்க்க முடிவது அந்த நகலை.

புரான், இயந்திரப் பெண் இரண்டையும் சேர்த்து யோசித்தபோதுதான் இந்த ரசிகர்கள் செய்வது எனக்கு முழுதாகப் புரிந்தது. வேலை முடிந்ததும் தூக்கிப்போடுவதற்காகச் செய்யப்பட்டவற்றை, வைத்துக் காப்பதற்காக மறுபடி செய்கிறார்கள். 'பொழுதுபோக்கு' என்று இதைக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஸ்டூடியோக்காரர்களுக்கே இது புரிந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. அதுவும் ஜெர்மனியில். 2013 ஜூலையில் எஸ்ஸன் நகரப் பொருட்காட்சித் திடலில் ஸ்டார் வார்ஸ் செலிப்ரேஷன் யூரோப் நடந்தது. அப்போது லூகாஸ்ஃபிலிமின் தலைவராக இருந்த கேத்லீன் கென்னடி ஆர்2 செய்கிறவர்களின் பகுதிக்கு வந்து அவர்கள் வேலையைப் பார்த்தார். புதிய படத்துக்கு ஆள் வேண்டுமென்றால் நாங்கள் இருக்கிறோம் என்று பிரிட்டனிலிருந்து வந்த லீ டவர்சியும் ஆலிவர் ஸ்டீபிள்ஸும் சொன்னார்கள். விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தாலும், சில மாதங்களில் இருவரும் 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படப்பிடிப்பில் ஆர்2டி2வைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2015இல் உலகம் திரையில் பார்த்த ஆர்2டி2 இந்த ரசிகர்களின் கைவேலை. என் ரூர் நண்பர் அந்த எஸ்ஸன் கூட்டத்தில் இருந்தவர். அதைச் சொல்லும்போது, வேலை கிடைத்தது தனக்கே என்பதுபோல் அவர் முகம் மலர்ந்தது.

அதே படத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் இன்னொரு ஆர்2வும் வந்துபோகிறது. அதன் பெயர் ஆர்2-கேடி. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1997இல் 501ஆம் லீஜியன் என்ற கவச உடை ரசிகர் அமைப்பைத் தொடங்கியவர் ஆல்பின் ஜான்சன். ஜெர்மனியிலும் அதற்குப் பெரிய கிளை இருக்கிறது. ஸ்பையரில் நான் பார்த்த வெள்ளைக் கவசக்காரர்களுக்கெல்லாம் முன்னோடி அவர். அவருடைய சிறு மகள் கேட்டிக்கு மூளையில் புற்றுநோய். தூங்கும்போது காவலிருக்க ஓர் ஆர்2 வேண்டும் என்று கேட்டாள். ரசிகர்கள் சேர்ந்து கட்டத் தொடங்கினார்கள். 2005 ஆகஸ்டில் கேட்டி இறந்துவிட்டாள். அதன்பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு முடித்தார்கள்; மருத்துவமனைகளில் இருக்கும் குழந்தைகளைப் பார்க்க அது போய்க்கொண்டிருக்கிறது. லீஜியன்காரர்கள் எங்கே கூடினாலும் நன்கொடைப் பெட்டி ஒன்று பக்கத்தில் இருக்கும்.

கிளம்பும் முன் ரூர்க்காரர் கேட்டார்: "உங்கள் மொழிப் படங்களில் விண்கலம் உண்டா?"

சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோவைச் சொன்னேன். ஆனால் அது எழுத்தில் பிறந்தது. அவர் கேட்டது படத்தை. 'கலை அரசி'யைச் சொன்னேன். 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. வேற்றுக்கிரகத்து ஆள் பறக்கும் தட்டில் வந்து, தன் கிரகத்துக்கு இசை கற்றுக்கொடுப்பதற்காகப் பாடகியைத் தூக்கிக்கொண்டு போவான். ஓரியனுக்கும் ஸ்டார் ட்ரெக்குக்கும் மூன்று வருஷம் முந்தியது என்றதும் அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தத் தட்டின் விட்டம் என்ன?"

யாரும் அளந்ததாகத் தெரியவில்லை என்றேன். அதற்கு அவர் ஒரு பாடமே நடத்தினார். கலத்துக்குப் பக்கத்தில் ஆள் நிற்கிற காட்சியைத் தேடு. அந்த நடிகரின் உயரம் தெரிந்தால் மற்றதெல்லாம் வகுத்தல் கணக்கு. கேமரா சாய்ந்திருந்தால் கணக்கு பிசகும், ஆகவே நேராக எடுத்த சட்டகமாகப் பார். அதைவிட நல்லது, செட்டில் வைத்திருக்கிற ஏதாவது ஒரு கடைச்சரக்கை அடையாளம் கண்டுபிடிப்பது. டார்ச் விளக்கோ, ரேடியோக் குமிழோ, எவர்சில்வர் தட்டோ எதுவானாலும் சரி. அந்தக் காலத்துப் பொருள் ஒன்று சந்தையில் கிடைத்துவிட்டால் அதன் அளவு மாறாது. அதிலிருந்து மொத்தக் கலத்தையும் வரைந்துவிடலாம். முதலில் அட்டையில் செய், முழு அளவில். அட்டை மலிவு. பார்வைக்குச் சரியென்று பட்டபின் மரத்துக்குப் போ.

படத்தை மறுபடி பார்க்கப் போகிறேன், இந்த முறை கதைக்காக அல்லாமல் சட்டகம் சட்டகமாக நிறுத்தி, அளவுகோலோடு. 1963இல் சென்னையில் அந்த அரங்கைப் பார்த்தவர்களோ, அதில் வேலை செய்த தச்சர்களின் பிள்ளைகளோ இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தத் தட்டை எதில் செய்தார்கள், மரத்திலா தகரத்திலா, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.