மூன்றரை வயதுக்கு ஒரு நேர்முகத் தேர்வு

சென்ற டிசம்பரில் என் பேரனை நர்சரியில் சேர்க்க ஒரு பள்ளிக்கு அழைத்துச் சென்றோம். அவனுக்கு மூன்றரை வயது. இரண்டு மாதமாகப் பழம், பூ, மிருகம் எல்லாம் ஆங்கிலத்தில் உருப்போட்டிருந்தான். அங்கிருந்த அம்மையார் ஒரு படத்தைக் காட்டினார். பையன் சந்தோஷமாக 'மாம்பழம்' என்றான். இடம் கிடைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாட்டின் பாடத்திட்டம் பையன் பக்கம் பேசுகிறது. 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2022 அக்டோபரில் மத்திய அரசு மழலைக் கல்விக்கென்று தனியாக ஒரு பாடத்திட்ட வரைவை வெளியிட்டது. 3 வயது முதல் 8 வயது வரை ஒரே கட்டம். கடைசி இரண்டு வருடங்கள்தான் 1, 2-ஆம் வகுப்புகள். விளையாட்டு, கதை, பாட்டு வழியாகவே கற்பிக்க வேண்டும், இயன்றவரை வீட்டு மொழியில். இந்தக் கட்டம் முழுக்கப் பரீட்சையே கூடாது.

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்பாதையில் காலம் கழித்தவன். கல்வி நிபுணன் அல்ல. ஆனால் புதிதாக ஜல்லி போட்ட பாதையில் எந்த வண்டியையும் முழு வேகத்தில் விடமாட்டோம். முதலில் 20 கிலோமீட்டர்; ஜல்லி இறுக இறுக வேகத்தைக் கூட்டுவோம். அவசரப்பட்டால் பாதை வளையும். அந்த ஆவணத்தைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது.

சொன்ன விஷயங்கள் புதியவையும் அல்ல. மாண்டிசோரி அம்மையார் 1939-லேயே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தாகூரின் 'சஹஜ் பாட்' 1930-ல் நந்தலால் போஸின் படங்களோடு வந்தது. வங்காளிக் குழந்தைகளுக்கு அது கிடைத்தது. நம் குழந்தைகளுக்கு?

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. வீட்டு மொழி என்று டில்லியில் எழுதிவிட்டார்கள். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குழந்தைக்கு ஆயாவிடம் வங்காளம், டி.வி.யில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். தமிழ் வீட்டில் மட்டும்தான். அங்கும் நாமே நிறுத்திவிட்டால் எந்தப் பாடத்திட்டம் காப்பாற்றும்?

குற்றவாளி நானும்தான். 1980-களில் இம்மாநில அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளில் ஆங்கிலத்தை எடுத்தபோது எல்லோருக்கும் பயம் பிடித்தது. எனக்குப் பிள்ளை பிறந்தபோதும் அந்தப் பயம் போகவில்லை. "அவனிடம் இங்கிலீஷிலேயே பேசு" என்று மனைவியிடம் சொன்னேன். அவன் இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். ஆனால் இந்தக் கட்டுரையை அவனுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

ஆகவே சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலையில் ஒன்றரை மணி நேரம் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கூட்டுவோம். நோட்டுப் புத்தகம், போட்டி, பரிசு எதுவும் வேண்டாம். தாத்தா பாட்டிகள் கதை சொல்லட்டும். பல்லாங்குழி ஆடினால் கணக்கும் வந்துவிடும். பெற்றோர்கள் வெளியே காபி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

பலகை எங்கள் வீட்டில் இருக்கிறது. சோழிதான் பத்துப் பதினைந்து குறைகிறது. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.