பல மரம் வளர்ப்போம்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது நம்மவர் பழமொழி. கல்விக்கும் தொழிலுக்கும் அஃது ஏற்ற அறிவுரையே. ஆயின், உழைத்துத் தேடிய பொருளைக் காக்கும் வகையில் அதனை அவ்வாறே கொள்ளுதல் தகாது என்பது நம் கருத்து. தேடுதற்கு ஒரு வழி போதும். காத்தற்குப் பல வழி வேண்டும். கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைகளே இதற்குச் சான்று பகரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலைகளிற் காடழித்து, தோட்டத்தை அடுத்துத் தோட்டமாகக் கோப்பி ஒன்றையே நட்டனர். 1869இல் இலங்கையில் கோப்பியிலை நோய் தோன்றியது. 1880இல் அதனை ஆராய வந்த மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர், ஒரே பயிர் இடையறாது நின்றமை நோய் பரவுதற்குத் துணையாயிற்று என்று விளக்கினார். தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. ஒரு தோட்டம் உடையாரும் கெட்டார்; மூன்று தோட்டம் உடையாரும் கெட்டார். மூன்றும் கோப்பியே ஆதலின், எண்ணிக்கை அவரைக் காக்கவில்லை. கூலி ஒன்றையே நம்பியிருந்த நம் மக்களோ வேலையிழந்து அலமந்தனர்.

ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல், நோய் தோன்றுதற்கு இரண்டாண்டு முன்பு ஆகும். கோப்பி செழித்த நாளில் ஒரு மூலையில் நட்ட மாற்றுப் பயிரே பின்னர் மலைநாட்டைத் தாங்கிற்று. மாற்று வழியை நல்ல காலத்திலேயே தேடல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, கண்டிக் கிராமத்து வீட்டுத் தோட்டத்தை நோக்குக. பலா, தென்னை, கமுகு, கித்துள், கராம்பு, சாதிக்காய், வாழை யாவும் ஒருங்கே நிற்கின்றன. மரத்தைப் பற்றி மிளகுக்கொடி ஏறுகின்றது. மிளகின் விலை வீழ்ந்த ஆண்டில் கராம்பு கைகொடுக்கும்; இரண்டும் பொய்ப்பின் பலாக்காய் பசியாற்றும். ஒன்றற்கு வரும் கேடு மற்றொன்றைத் தொடாதவாறு அமைந்தமையே இத்தோட்டத்தின் சிறப்பு.

நம் சேமிப்பை நாம் இவ்வாறு அமைத்துள்ளோமா? மிகுந்த வட்டியை விரும்பி நிதிக் கம்பனிகளிற் பணம் இட்டோர் பலர். 2020இல் அத்தகைய சில கம்பனிகளின் தொழிலை மத்திய வங்கி நிறுத்தியபோது அவர்கள் கலங்கினர். வைப்புக் காப்புறுதியின் உச்சத் தொகை 2021இல் உயர்த்தப்பட்டபோதும், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் என்றே வரையறுக்கப்பட்டது. வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் ஓரிடத்து வைத்தார்க்கு இது எம்மட்டு?

பணத்தை நல்ல வங்கிகள் நான்கிற் பிரித்து வைத்தோர் அவ்விடரினின்று தப்பினர். ஆயின் 2022ஆம் ஆண்டு அவரையும் விடவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு விலைச்சுட்டியின்படி, ஓராண்டுக்கு முன் 100 ரூபா பெற்ற பண்டங்கள் ஏறக்குறைய 170 ரூபா பெற்றன. வங்கிகள் நான்காயினும் நாணயம் ஒன்றே. நான்கும் கோப்பித் தோட்டமே! ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது பொன்னின் விலை ஏறிற்று. பொன் வட்டி தாராது. எனினும் வேறினத்து மரமாதலின் அன்று நிழல் தந்தது.

சில மாதச் செலவுக்குரிய பணம் வங்கியில் இருத்தல் வேண்டும். எஞ்சியதைத் திறைசேரி உண்டியல், சிறிது பொன், விளைவு தரும் நிலம், இழப்பினும் தாங்கத்தக்க அளவிற் பங்குகள் என வகுத்து வைத்தல் நன்று. மக்களின் கல்விக்கு இடும் பொருளும் ஒரு முதலே. இம்முறையால் ஒருவர் விரைந்து பெருஞ்செல்வர் ஆகார். ஒரே நாளில் வறியரும் ஆகார். காத்துப் பேணக்கூடிய அளவுக்கு மேற் பரப்புதலும் வேண்டா. தச்சன் பழமொழி அவ்விடத்துப் பொருந்தும்.

"சிறு ஊதியத்தார்க்கு இது கூடுமோ?" என்று வினவுவார் உளர். பெருஞ்செல்வர் ஒன்றை இழப்பினும் மீள்வர். ஓய்வுபெறும் நாளில் ஒருங்கே கைவரும் தொகையன்றி வேறறியாத ஆசிரியரும் எழுதுவினைஞரும் மீளார். ஆதலின் இது சிறியோர்க்கே மிகவும் வேண்டுவது. நம் கல்லூரியின் பழைய மாணவருள் அந்நாளை நெருங்குவோர் பலர். அவர்கள் வட்டி வீதத்தை வினவுமுன், "என் மரங்கள் எத்தனை இனம்?" என்று தம்மைத் தாமே வினவுவாராக.